மாட்டுக்குப் புரோபயாடிக்: பெங்களூருவில் புதிதாக மாடு கட்டுபவர்களுக்கு

ஆனேக்கல், சர்ஜாபூர், ஒசகோட்டை பக்கத்துத் தீவனக் கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு அலமாரி இருக்கும். தாது உப்பு, கால்சியம் பாட்டில், ஈரல் டானிக், அப்புறம் வண்ண வண்ணப் பொட்டலங்களில் புரோபயாடிக், அதாவது வயிற்றுக்கு நல்லது செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள். புதிதாக மாடு கட்டியவர் என்று தெரிந்தால் கடைக்காரர் கை தானாக அந்தப் பக்கம் போகும். "இதைப் போடுங்க அண்ணா, பாலும் ஏறும், உடம்பும் ஏறும்." ஒசூர், கிருஷ்ணகிரியிலிருந்து வந்து இங்கே நாலு மாடு கட்டியிருக்கிற நம் ஆட்களும், ஐ.டி. வேலையோடு பண்ணை வைத்திருப்பவர்களும் இதைக் கேட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் வாங்கி வந்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரோபயாடிக் வேலை செய்கிற பொருள்தான், ஏமாற்று அல்ல. ஆனால் அது செய்யும் வேலை சின்னது. மாட்டின் வயிறு தடுமாறுகிற நாட்களில்தான் அந்தச் சின்ன வேலைக்குக் காசு கொடுக்கலாம். வருஷம் முழுக்க எல்லா மாட்டுக்கும் அள்ளிப் போட்டால் அதில் லாபம் கடைக்காரருக்கு.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பொட்டலத்தில் "எடை கூடும்" என்று போட்டிருப்பதற்கு ஆதாரமான ஆய்வுகளில் பெரும்பங்கு அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் இறைச்சிக்காக வளர்க்கும் காளைகளிடம் நடந்தவை. அங்கே கடைசிச் சில மாதங்கள் மாடு தின்பதில் முக்கால் பங்குக்கும் மேல் மக்காச்சோளம் போன்ற தானியம். நம் கொட்டகையில் அப்படி எந்த மாடும் தின்பதில்லை. தவிர, கர்நாடகத்தில் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பசு, காளை, எருது, கன்று எதையும் வெட்டக் கூடாது. 13 வயது தாண்டிய எருமைக்கு மட்டும்தான் விலக்கு. ஆகவே இங்கே அந்த ஆய்வு பயன்படுவது கறவை மாட்டுக்கும், கிடேரிக்கும், ஹள்ளிக்கார் என்னும் நாட்டு இனக் காளைக் கன்றை வளர்த்து ஏருக்கோ வண்டிக்கோ விற்பவர்களுக்கும்தான். எது நமக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். இது புரிந்தால் பொட்டலத்தில் எழுதியிருப்பதில் எது உண்மை, எது அளப்பு என்று நீங்களே சொல்லிவிடலாம்.

மாடு தின்னும் புல்லை மாடு செரிப்பதில்லை. அசையூண் வயிறு என்கிற முதல் பெரிய வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் செரிக்கின்றன. நன்கு வளர்ந்த கலப்பினப் பசுவில் இந்த வயிறு 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அதிலுள்ள நீரில் ஒரு மில்லியை எடுத்தால் 1000 கோடி பாக்டீரியா இருக்கும், சில சமயம் அதற்கும் பல மடங்கு. இவை நார்ச்சத்தையும் மாவுச்சத்தையும் நொதிக்கவைத்து மூன்று அமிலங்களைத் தயாரிக்கின்றன: அசிட்டிக், புரோபியோனிக், பியூட்டிரிக். மாட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்த மூன்றிலிருந்துதான் வருகிறது.

மூன்றும் போகும் வழி வேறு வேறு. அசிட்டிக் அமிலம் மடிக்குப் போய்ப் பால் கொழுப்பாகிறது. கறக்காத மாட்டில் உடம்புக் கொழுப்பாகிறது. வைக்கோல், தட்டை, புல் அதிகம் தின்றால் இது அதிகம். புரோபியோனிக் அமிலம் ஈரலுக்குப் போய்க் குளுக்கோஸாக மாறுகிறது. மாட்டின் குடலிலிருந்து நேராக ரத்தத்துக்குப் போகும் சர்க்கரை மிகக் குறைவு என்பதால், பாலில் இருக்கும் லாக்டோஸுக்கும் சதை வைப்பதற்கும் வேண்டிய குளுக்கோஸில் பெரும்பங்கு இந்த வழியில்தான் வருகிறது. பியூட்டிரிக் அமிலம் வயிற்றுச் சுவருக்குத் தீனி. கன்றுக்குட்டியின் வயிற்றில் உள்ளே பூ மாதிரி துளிர்கள் வளர்வதற்குக் காரணமே இதுதான்.

இதே நுண்ணுயிர்கள் தீவனத்திலுள்ள புரதத்தை உடைத்து அம்மோனியா ஆக்கும். அந்த அம்மோனியாவைப் பிடித்துத் தங்கள் உடம்பாக மாற்றிக்கொள்ளும். பிறகு அவையே கீழே இறங்கி மாட்டுக்குப் புரதமாகும். அவற்றுக்குச் சக்தி போதாமல் போனால் பிடிக்காத அம்மோனியா ரத்தத்துக்குப் போய், ஈரலில் யூரியாவாகி, மூத்திரத்தில் போய்விடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பிண்ணாக்கில் ஒரு பங்கு சாக்கடையில் ஓடுகிறது என்று அர்த்தம்.

இப்போது தடுமாற்றம் எங்கே வருகிறது என்று பாருங்கள். மாவுச்சத்து திடீரென்று அதிகமாக உள்ளே போனால் சில பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். இது மற்ற மூன்றையும்விடக் கடுமையான அமிலம். சாதாரணமாக 6 முதல் 6.8 வரை இருக்கும் அமில அளவெண் (pH, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.6க்குக் கீழே இறங்கும். நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்களுக்கு அந்தப் புளிப்பு ஆகாது. லாக்டிக் அமிலத்தைத் தின்று அடக்குகிற பாக்டீரியாக்களும் உண்டு, ஆனால் அவை பெருகச் சில நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் மாடு தீவனத்தைக் குறைக்கிறது, சாணி இளகுகிறது, பால் கொழுப்பு விழுகிறது.

புரோபயாடிக் வகைகளில் ஒன்றான உயிருள்ள ஈஸ்ட் கை கொடுக்கும் இடம் இது. நல்ல ஈஸ்ட் பொட்டலம் ஒரு நாளைக்கு ஒரு மாட்டுக்குத் தருவது சுமார் 1000 கோடி உயிரணுக்கள். மேலே சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள். அது அந்த வயிற்றிலுள்ள ஒரு மில்லி நீரில் இருக்கிற அளவு! ஆக எண்ணிக்கையைக் காட்டி அது எதையும் சாதிப்பதில்லை. தீவனத்தோடும் தண்ணீரோடும் உள்ளே போகும் கொஞ்சநஞ்சம் ஆக்சிஜனை ஈஸ்ட் உறிஞ்சிவிடுகிறது. ஆக்சிஜன் ஆகாத நார்ச் செரிப்பான்களும் லாக்டிக் அமிலத்தைத் தின்பவையும் அதனால் செழிக்கின்றன. சில வைட்டமின்களையும் கரிம அமிலங்களையும் அவற்றுக்கு ஊட்டுகிறது. அவ்வளவுதான். ஈஸ்ட் அந்த வயிற்றில் குடியேறுவதும் இல்லை. வந்த வேலையைப் பார்த்துவிட்டுச் சாணியோடு வெளியேறும். அதனால்தான் தினமும் போட வேண்டியிருக்கிறது. "ஒரு கோர்ஸ் கொடுத்தா போதும், உள்ளே செட் ஆகிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முதலில் தொட்டியைப் பாருங்கள்

பொட்டலம் வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. பெங்களூரு கொட்டகைகளுக்கென்று சில தீவனப் பழக்கங்கள் உண்டு. வயிற்றுக் கோளாறில் பெரும்பாலானது அங்கேதான் பிறக்கிறது.

ஒன்று, கல்யாண மண்டபத்துச் சோறு. முகூர்த்த நாளில் மலிவாகக் கிடைக்கிறதென்று டிரம் டிரம்மாகக் கொண்டுவந்து ஒரே வேளையில் கொட்டுவார்கள். வெந்த சோறு மாட்டு வயிற்றில் மிக வேகமாகப் புளிக்கும். முந்தின நாள் வரை ராகித் தாளும் நேப்பியரும் தின்ற மாட்டுக்கு இது விஷத்துக்குச் சமம். இதைப் போட்டுக்கொண்டே பக்கத்தில் புரோபயாடிக்கும் போடுவதில் பொருளே இல்லை.

இரண்டு, பீர் கம்பெனிக் கழிவு. நல்ல தீவனம்தான், காய்ந்த கணக்கில் நாலில் ஒரு பங்கு புரதம். ஆனால் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், இரண்டு மூன்று நாளில் பூசணம் பிடிக்கும். இதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இங்கே பரவலாக இருக்கிறது: "பீர் கழிவிலேயே ஈஸ்ட் இருக்கே, தனியா எதுக்கு?" இல்லை. நாம் வாங்கும் அந்தச் சக்கை, ஈஸ்ட் சேர்ப்பதற்கு முன்பே வடிகட்டி எடுக்கப்படுவது. பார்லியை ஊறவைத்துச் சாறு எடுத்த மிச்சம். ஈஸ்ட் சேர்வது அந்தச் சாறில்தான். பீர் தயாரான பின் கிடைக்கும் ஈஸ்ட் குழம்பு தனி. அதைச் சூடுபடுத்திச் சாகடிக்காமல் அப்படியே கொடுத்தால் வயிறு உப்பும் ஆபத்து உண்டு. யாராவது கேனில் கொண்டுவந்து மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள்.

மூன்றாவது, பூசாவும் (தவிடு) இண்டியும் (பிண்ணாக்கு) தாராளமாக வைத்துவிட்டுத் தட்டையைக் குறைப்பது. நகர ஓரத்தில் தீனிப்புல்லுக்கு இடம் இல்லை, அதனால் தவிடும் பிண்ணாக்குமே சாப்பாடாகிவிடுகிறது. மாடு அசைபோட்டால்தான் உமிழ்நீர் ஊறும். உமிழ்நீரில் இருக்கும் சோடா உப்புதான் வயிற்றுப் புளிப்பை இயற்கையாக அடக்கும் மருந்து. நீளமான நார் இல்லையென்றால் அசை இல்லை. மத்தியானம் கொட்டகைக்குள் போய்ப் பாருங்கள். படுத்திருக்கும் மாடுகளில் பாதியாவது அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கவளத்துக்கு ஐம்பது அறுபது முறை மென்றால் சரி.

அப்புறம் சாணி. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், பழைய மாவுச் சல்லடை ஒன்று போதும். கை நிறையப் புதுச் சாணியை அதில் போட்டுக் குழாயடியில் மெதுவாகக் கழுவுங்கள். பச்சைத் தண்ணீர் போய்த் தெளிவானதும் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். மக்காச்சோளம் உடையாமல் முழுசாக இருக்கிறதா? விரல் நகத்தைவிட நீளமான நார்த்துண்டுகள் நிறைய இருக்கின்றனவா? வழவழவென்று சளி மாதிரி ஏதாவது ஒட்டுகிறதா? முழுத் தானியம் என்றால் அரைவை சரியில்லை அல்லது வயிறு அவசரமாகத் தள்ளிவிடுகிறது. நீள நார் என்றால் நார்ச் செரிப்பான்கள் திணறுகின்றன. சளி என்றால் குடல் சுவர் புண்பட்டிருக்கிறது. இந்தச் சல்லடைக் காட்சியை ஃபோனில் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது கை கொடுக்கும்.

தொட்டியைச் சரிசெய்து, குடற்புழு நீக்கம் செய்து, தாது உப்புக் கலவையும் கொடுத்த பிறகும் சிக்கல் இருந்தால் அடுத்த கட்டத்துக்கு வாருங்கள். பல கொட்டகைகளில் இதற்கு மேல் போக வேண்டிய தேவையே இருக்காது.

எந்த வகை

கடையில் இருப்பதை நான்காகப் பிரிக்கலாம்.

உயிருள்ள ஈஸ்ட்: பெயர் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. பேக்கரி ஈஸ்டும் இதே இனம்தான், ஆனால் மாட்டு வயிற்றுக்கென்று தேர்ந்தெடுத்த ரகங்கள் வேறு. ரொட்டி ஈஸ்டை வாங்கிப் போட்டுக் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். வளர்ந்த மாட்டுக்கு ஒன்றே ஒன்று வாங்க வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஈஸ்ட் கல்ச்சர்: பெயர் ஒன்றுபோல இருந்தாலும் பொருள் வேறு. ஈஸ்ட் வளர்ந்த ஊடகத்தையே உலர்த்திக் கொடுப்பது. இதில் உயிரணு எண்ணிக்கை முக்கியம் இல்லை, அதிலுள்ள சத்துகள்தான் சரக்கு. மோசமில்லை. ஆனால் இதை உயிருள்ள ஈஸ்ட் விலைக்கு வாங்கக் கூடாது.

லாக்டோபேசில்லஸ், என்டரோகாக்கஸ் வகைகள்: தயிரில் இருப்பவற்றின் உறவுக்காரர்கள். இவற்றின் நிஜமான களம் கன்றுக்குட்டி. அமெரிக்கக் காளைப் பண்ணைகளில் லாக்டோபேசில்லஸை புரோபியோனிபாக்டீரியம் என்ற இன்னொன்றோடு சேர்த்துக் கொடுப்பார்கள். பின்னது லாக்டிக் அமிலத்தை எடுத்துப் புரோபியோனிக் அமிலமாக மாற்றக்கூடியது. தானியம் குவித்துப் போடும் இடத்தில் அந்த ஜோடிக்கு வேலை உண்டு. ராகித் தாள் தின்னும் மாட்டில் அது தின்பதற்கு லாக்டிக் அமிலமே அவ்வளவாக இருக்காது.

பேசில்லஸ் வகைகள்: சப்டிலிஸ், லைக்கெனிஃபார்மிஸ். இவை விதை போன்ற வித்து வடிவில் தூங்கும், அதனால் சூட்டையும் நாட்பட்ட சேமிப்பையும் தாங்கும். குச்சித் தீவனத்தில் கம்பெனியே கலந்து விற்பது பெரும்பாலும் இதுதான். குச்சித் தீவனம் செய்யும் நீராவிச் சூட்டில் லாக்டோபேசில்லஸும் சாதாரண ஈஸ்டும் தாக்குப்பிடிக்காது. ஒரு குச்சித் தீவன மூட்டையில் "லாக்டோபேசில்லஸ் சேர்க்கப்பட்டது" என்று இருந்தால், எப்போது, எப்படிச் சேர்த்தார்கள் என்று கேளுங்கள்.

மோர்? நம் வீட்டுப் பெரியவர்கள் கன்றுக்குக் கொடுத்ததுதான். புளிக்காத மோர் கொஞ்சம் கொடுத்தால் கெடுதல் இல்லை. எத்தனை உயிரணு, எந்த ரகம் என்று எதுவும் தெரியாது என்பதால் அதை நம்பி மட்டும் இருக்க முடியாது.

லேபிள் கணக்கு

லேபிளில் தேட வேண்டிய சொல் சி.எஃப்.யு. அதாவது உயிரோடு முளைக்கக்கூடிய அணுக்களின் எண்ணிக்கை. ஒன்றுக்குப் பின் 9 சைபர் என்றால் 100 கோடி. 10 சைபர் என்றால் 1000 கோடி. ஈஸ்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு வளர்ந்த மாட்டுக்கு 1000 கோடி என்பதை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பொட்டலத்தில் "கிராமுக்கு 200 கோடி" என்று இருக்கிறது. தினம் 5 கிராம் போட்டால் கணக்கு சரி. இன்னொன்றில் "15,000 கோடி" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, பக்கத்தில் பொடி எழுத்தில் "கிலோவுக்கு". பிரித்துப் பார்த்தால் கிராமுக்கு 15 கோடிதான். 1000 கோடி வேண்டுமென்றால் தினம் 67 கிராம் போட வேண்டும். ஆனால் அவர்களே சொல்லும் அளவு 10 கிராம்! இப்படிப்பட்ட பொட்டலத்தைத்தான் கடையில் "அதிக பவர்" என்று நீட்டுவார்கள்.

ரகத்தின் எண் அல்லது பெயர், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, காலாவதி வரை உறுதியளிக்கும் எண்ணிக்கை, இவை இல்லாத பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நுண்ணுயிர்ப் பெயர்களை வரிசையாக அடுக்கி, எதற்கும் எண்ணிக்கை போடாத பொட்டலமும் அதே ரகம். கடையில் அது வெயில் படும் ஷெல்ஃபில் இருந்ததா என்றும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு, எப்போது

கன்று. பிறந்த சில வாரங்களுக்குக் கன்றுக்கு அசையூண் வயிறு வேலை செய்யாது. பால் நேராக நாலாம் வயிற்றுக்குப் போய்விடும். அதனால் ஈஸ்ட் அப்போது அதிகம் பயன்படாது. லாக்டோபேசில்லஸ், என்டரோகாக்கஸ் கலவையைப் பாலில் கொடுத்தால் குடலில் நல்லது இடம் பிடித்துக்கொண்டு கழிச்சலைக் குறைக்கும். பால் உடம்புச் சூட்டில், 38-39 டிகிரியில் இருக்கட்டும். கொதிக்கக் கொதிக்கக் கலந்தால் எல்லாம் செத்துவிடும். ஆனால் இதெல்லாம் சீம்பாலுக்கு அப்புறம்தான். பிறந்த முதல் சில மணி நேரத்தில் உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போகாத கன்றை எந்தப் பொட்டலமும் காப்பாற்றாது.

கன்று ஈனும் மாடு. ஈனுவதற்கு மூன்று வாரம் முன், ஈன்ற பின் ஆறு முதல் எட்டு வாரம். நான் காசு செலவழிக்கச் சொல்லும் முதல் இடம் இது. பால் ஏறும் வேகத்துக்குத் தீவனம் எடுக்கும் வேகம் ஈடுகொடுக்காது. உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலுக்கு வரும். ஈரலால் முழுக்க எரிக்க முடியாதபோது கீட்டோன்கள் சேரும். ரத்தத்தில் அந்தக் கீட்டோன் லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தாண்டினால் வெளியே தெரியாத கீட்டோசிஸ் என்பார்கள். அது முற்றினால் மாடு மெலியும், தவிடு, பிண்ணாக்கு போன்ற அடர்தீவனத்தை ஒதுக்கிவிட்டுத் தட்டையை மட்டும் மேயும், சினைப் பிடிக்கத் தாமதமாகும். ஈஸ்ட் கீட்டோனை நேரடியாகக் குறைக்காது. வயிற்றை நிலையாக வைத்து, மாடு கூடுதலாக ஒரு பிடி தின்ன உதவும். அந்த ஒரு பிடிதான் மருந்து.

தீவனம் மாறும் வாரங்களிலும் கொடுக்கலாம். தட்டையிலிருந்து சைலேஜுக்கு (புளிக்கவைத்துப் பதப்படுத்திய பசுந்தீவனம்), மேய்ச்சலிலிருந்து கொட்டகையில் கட்டிப் போடும் தீனிக்கு, சந்தையில் வாங்கி லாரியில் ஏற்றி வந்த புது மாட்டுக்கு. மாற்றத்தை 10 முதல் 14 நாளில் படிப்படியாகச் செய்யுங்கள். ஈஸ்ட் அதற்குத் துணை, மாற்று அல்ல.

வெயில் காலமும் ஒன்று. பெங்களூரு குளிர்ச்சியான ஊர் என்ற நினைப்பில் தகரக் கூரை போட்டுவிட்டு ஏப்ரலில் மாடு மூச்சு வாங்குகிறதே என்று கவலைப்படுவோம். எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினம் வெயிலில் தட்டையை ஒதுக்கும், அசை குறையும், வாயோரம் எச்சில் வீணாக ஒழுகிப்போகும், வயிறு புளிக்கும். மார்ச் முதல் மே வரை ஈஸ்ட் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. கூரைக்கு மேல் தென்னங்கீற்று போடுவதில் அதைவிட நியாயம் இருக்கிறது.

வளரும் காளைக் கன்றுக்கும் கிடேரிக்கும், அடர்தீவனம் தாராளமாகக் கொடுத்து வேகமாக வளர்த்தால் மட்டும். மேய்ந்து வளரும் ஹள்ளிக்கார் கன்றுக்கு வேண்டாம். எட்டாம் மாதம் பால் வற்றிக்கொண்டு, நன்றாக அசைபோட்டு, சாணி கெட்டியாகப் போடும் மாட்டுக்கும் வேண்டாம். அதற்கு எந்தக் குறையும் இல்லை, விட்டுவிடுங்கள்.

கொடுக்கும் முறை

ஒரு நாளைக்கு உரிய அளவை முதலில் ஒரு கைப்பிடி தவிட்டில் பிசிறிக் கலந்து, அதைக் காலைத் தீவனத்தின் மேல் தூவுங்கள். ஐந்து கிராமை நேராக ஐந்து கிலோவில் போட்டால் ஒரு பக்கம் மட்டும் சேரும். சூடான கஞ்சியில் கலக்காதீர்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் கரைத்து வைக்காதீர்கள். காலை ஒரு வேளை கொடுத்தால் போதும், ஆனால் நாள் தவறக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆள் வரவில்லை என்று விட்டால் வந்த பலனும் போகும்.

பொட்டலத்தைக் கொட்டகையில் வைக்காதீர்கள். வீட்டுக்குள், குளிர்ந்த, ஈரம் படாத இடத்தில், இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ஈரம் பட்டுக் கட்டி தட்டினால் உள்ளே இருப்பது விழித்துக்கொண்டு செத்தும் போயிருக்கும்.

மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஓடும்போது லாக்டோபேசில்லஸ் பொட்டலம் வீண், அந்த மருந்து அதையும் சேர்த்துக் கொன்றுவிடும். ஈஸ்ட் பூஞ்சை வகை என்பதால் அதை ஆன்டிபயாடிக் தொடாது. மடிநோய்க்கு ஊசி போட்டு மாடு தீனி குறைத்திருக்கும் நாட்களில் ஈஸ்ட் கொடுக்கலாம். மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

பலன் தெரிகிறதா என்று பார்ப்பது

பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். போட்ட மூன்றாம் நாளே "அரை லிட்டர் ஏறிடுச்சு" என்பார்கள். வயிற்று நுண்ணுயிர்கள் ஒரு புது நிலைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். மூன்றாம் நாள் ஏறியது அன்றைக்குக் கிடைத்த நல்ல புல்லால் இருக்கலாம்.

எடையில் என்ன எதிர்பார்க்கலாம்? வட அமெரிக்கக் காளைப் பண்ணை ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வெளியான ஒரு ஆய்வுரை, தினசரி எடைக்கூடுதல் 2.5 முதல் 5 சதவீதம் வரையும், தீவனம் சதையாக மாறும் திறன் சுமார் 2 சதவீதமும் மேம்பட்டதாகச் சொல்கிறது. நம் கிடேரி நாளுக்கு 500 கிராம் ஏறுகிறது என்று வையுங்கள். 4 சதவீதம் என்றால் 20 கிராம். நூறு நாளில் 2 கிலோ.

இதை எப்படி அளப்பீர்கள்? எடை மேடை இல்லாத இடத்தில் நாம் டேப்பில்தான் அளக்கிறோம். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம், இரண்டும் அங்குலத்தில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 60, நீளம் 50 என்றால் சுமார் 273 கிலோ. டேப்பை அரை அங்குலம் தளர்த்திப் பிடித்தாலே நாலு கிலோவுக்கு மேல் மாறிவிடும். நூறு நாள் பலனே 2 கிலோ என்னும்போது, ஒற்றை மாட்டில் டேப்பை வைத்து "உடம்பு ஏறியது" என்று யாராலும் சொல்ல முடியாது. ஆயிரம் காளை கட்டும் பண்ணையில் அந்த 2 கிலோ பெரிய பணம். நாலு மாட்டுக்காரருக்கு அது கண்ணுக்கே தெரியாது.

அதனால் கண்ணுக்குத் தெரிவதைப் பாருங்கள். சாணிச் சல்லடைப் படம் வாரம் ஒன்று. டெய்ரியில் வரும் கொழுப்பு அளவு, ஒரு நாள் கணக்காக இல்லாமல் வாரச் சராசரியாக. தொட்டியில் மிஞ்சும் தீவனம் தினமும் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்கிறதா. கன்றுகளில் கழிச்சல் எத்தனை நாள் நீடித்தது. ஆறு மாடு இருந்தால், ஒத்த கறவை மாதத்தில் உள்ள மூன்றுக்கு மட்டும் கொடுத்து மூன்றுக்குக் கொடுக்காமல் விடுங்கள். தொடங்கும் முன் ஒரு வாரம் எல்லாவற்றையும் குறித்துவைத்து, பிறகு குறைந்தது ஐந்தாறு வாரம் ஓட்டுங்கள். பால் கறக்கும் ஆளிடம் எந்த மாட்டுக்குக் கொடுக்கிறோம் என்று சொல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. தெரிந்தால் அவர் கையும் அந்த மாட்டின் காம்பில் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும்.

காசுக் கணக்கு எளிது. பொட்டலம் மாட்டுக்கு நாள் ஒன்றுக்கு 6 ரூபாய் ஆகிறது, பால் லிட்டருக்கு 35 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 170 மில்லி கூடினாலே செலவு கைக்கு வந்துவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் எந்த மாடும் இன்றைக்கும் நாளைக்கும் அரை லிட்டர் ஏறி இறங்குவது சகஜம். வாரச் சராசரி எழுதாதவருக்கு அந்த 170 மில்லி வந்ததா இல்லையா என்று சாகும்வரை தெரியாது.

பொட்டலத்தை விட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நேரம்

மாடு கட்டவிழ்த்துக்கொண்டு போய் அரிசி மூட்டையையோ சோற்று டிரம்மையோ காலி செய்துவிட்டது, இடது பக்கம் உப்பியிருக்கிறது, அசை நின்றுவிட்டது, சாணி புளித்த வாடையுடன் தண்ணீராகப் போகிறது என்றால் ஒரு டப்பா ஈஸ்டை வாயில் ஊற்றிக் காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்தில் மாடு படுத்துவிடும். 1962 என்ற எண்ணுக்கு ஃபோன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் சேவை கிடைக்கும். கன்றுக்குக் கழிச்சலோடு கண் குழிந்து, தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நின்றால் அதுவும் அவசரம்தான். அங்கே முதலில் வேண்டியது உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், அப்புறம் மருத்துவர்.

அவசரமில்லாத சந்தேகங்களுக்கு இந்த ஊரில் நமக்கு ஒரு வசதி உண்டு. கால்நடை ஊட்டச்சத்து, உடலியங்கியலுக்கான தேசிய நிறுவனம் ஆடுகோடியில், ஒசூர் சாலைப் பக்கத்திலேயே இருக்கிறது. 1995 முதல் இயங்குகிறது. தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமும் அங்கேதான். 1923இல் அந்த நிறுவனம் தொடங்கியதே அந்த இடத்தில்தான். 1927இல் காந்தி அங்கே வந்து மாட்டுப் பராமரிப்பு கற்றுக்கொண்டு போனார். ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது வெறுங்கையோடு போகாமல் உங்கள் மாடு ஒரு நாளைக்குத் தின்னும் ஒவ்வொன்றையும் கிலோவில் எழுதி எடுத்துப் போங்கள், பொட்டலத்தின் லேபிளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "என்ன புரோபயாடிக் போடலாம்" என்று நீங்கள் கேட்டாலும் அவர்கள் முதலில் கேட்கப்போவது அந்தச் சீட்டைத்தான்.